மதுரையில் ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்: பிரேக் பார்ட்ஸ் தேடுவது முதல் ரோட்டில் பிடித்துப் பார்ப்பது வரை

கோரிப்பாளையம் சிக்னலில் நிறுத்தப் போன நேரத்தில் பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, முன்னால் நின்ற டவுன் பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. பக்கத்து சீட்டில் என் மகள். அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரை (பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை) பிரித்து "புது ரப்பர்" போட்டு வாங்கியிருந்தேன். வீட்டுக்கு இழுத்து வந்து பிரித்தபோது அந்த ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போய், நகத்தால் கிள்ளினாலே பிய்ந்து வந்தது. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற சாதாரண நைட்ரைல் ஓ ரிங் அது. எஞ்சின் ஆயிலுக்கு நன்றாகத் தாங்கும். பிரேக் ஆயிலில் உப்பி உருவழிந்துவிடும்.

அன்றிலிருந்து இந்தக் காரின் பிரேக்கை நானே பார்க்கிறேன். நான்கு வருடத்தில் கற்றுக்கொண்டதை முடிந்தவரை முழுதாக எழுதுகிறேன். என்னுடையது 1968 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இரண்டு பேர் உட்காரும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் வருடக்கணக்கில் படுத்துக் கிடந்தது. எம்ஜி, ஹெரால்டு என்று அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் எது வைத்திருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இரும்பு சம்பந்தப்பட்ட எதையும் மதுரையிலேயே சரிசெய்யலாம். ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் சரிசெய்ய முயலக் கூடாது, சரியானதைத் தேடி வாங்கத்தான் வேண்டும். செலவு, அலைச்சல், காத்திருப்பு எல்லாவற்றையும் இந்தப் பிரிவினையை வைத்தே திட்டமிடுங்கள்.

வண்டியைத் தெரிந்துகொள்வது

ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்தது. டிரையம்ப் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலாட்டி வரைந்த உடலை அதன் மேல் ஏற்றினார்கள். அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. அதனால் தமிழ்நாட்டில் இந்தக் காருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம் இல்லாவிட்டாலும் சொந்தபந்தம் உண்டு. பிரேக் கிர்லிங் தயாரிப்பு. கிர்லிங் இங்கிலாந்தின் லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அந்த லூகாஸும் நம் மதுரையில் வேர்விட்ட டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. டிவிஎஸ் கிர்லிங் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அந்தப் பெயர் வந்த வழி இதுதான். பழைய மெக்கானிக்குகளிடம் "கிர்லிங் பிரேக்" என்றால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பார்ட்ஸ் கேட்கும் முன் வண்டியின் கமிஷன் எண்ணை, அதாவது தயாரிப்பாளர் கொடுத்த அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். மார்க் 1, மார்க் 2 வண்டிகளுக்கு எஃப்சி, மார்க் 3க்கு எஃப்டி, மார்க் 4க்கு எஃப்ஹெச் என்று அது தொடங்கும். இங்கிலாந்தில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்று எண் சொல்லாது. என் வண்டியின் பின்சக்கரத்தில் இடது பக்கம் ஒரு அளவு சிலிண்டரும் வலது பக்கம் இன்னொரு அளவு சிலிண்டரும் இருந்தன. எண்ணைப் பார்த்து ஆர்டர் போட்டிருந்தால் பாதிப் பணம் தண்டம்.

பிரேக்கின் அமைப்பு எளிமையானது. முன்னால் டிஸ்க், பின்னால் 7 அங்குல டிரம். பூஸ்டர் கிடையாது. பெடலில் எவ்வளவு பலம் கொடுக்கிறோமோ அதுதான். என் வண்டி போன்ற பழைய ஸ்பிட்ஃபயர்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். எங்கே கசிந்தாலும் நான்கும் போய்விடும். அதனால்தான் இதில் "இது மட்டும் இப்போதைக்கு ஓடட்டும்" என்ற பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதில்லை.

பிரிக்காமலே நோயைக் கண்டுபிடிப்பது

எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெடலை நன்றாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவு எதுவும் தெரியவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே ஆயில் தாண்டுகிறது. முதல் மிதியில் பஞ்சு மாதிரி இருந்து இரண்டு மூன்று முறை மிதித்ததும் கெட்டிப்பட்டால் காற்று இருக்கிறது. முதல் மிதி ஆழமாக இறங்கி இரண்டாவது மிதி மேலேயே நின்றால், பின்பக்க டிரம்முக்குள் விரிந்து பிடிக்கும் ஷூவின் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகலாம்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பலரும் இழுக்கும் பக்கத்தைப் பிரிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி எதிர்ப்பக்கம்தான். அங்கே டிஸ்க்கை இறுக்கும் காலிப்பரின் பிஸ்டன் ஜாம் ஆகி பிடிக்காமல் இருக்கும். பெடலை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் அந்தச் சக்கரத்தின் நிப்பிளை (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சின்னத் திருகு) சற்றே திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் தேங்கி நிற்கிறது. ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி ஒருவழிப் பாதை ஆகியிருக்கலாம். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். நான்கு சக்கரமும் ஒன்றாக இறுக்கிப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை, காசு செலவில்லாதது. ரிசர்வாயரிலிருந்து சில துளி எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகை என்பதால் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலமாக மிதந்தால் யாரோ தெரியாமல் ஹைட்ராலிக் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் வண்டியில் இருக்கும் ரப்பர் அத்தனையும், ஹோஸ் உட்பட, குப்பைக்குத்தான். ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பிரிக்கும்போது

தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியின் கீழே தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஜோடி ஸ்டாண்டு வாங்குவதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலத்து வண்டி இது. டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் "புஸ்" என்று ஊதுவது பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தி, ஈரத் துணியால் துடைத்து, துணியை பாலிதீன் பையில் கட்டி எறியுங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள்.

காலிப்பரைக் கழற்றும் முன் ஒரு வேலை. பைப் இணைப்பைப் பிரித்துவிட்டால் ஜாம் ஆன பிஸ்டனை வெளியே எடுப்பது பெரும்பாடு. அதனால் பைப் இருக்கும்போதே, டிஸ்க்கில் அழுந்தும் பிரேக் பேடைக் கழற்றிவிட்டு, இடையில் ஒரு மரத்துண்டை வைத்து, பெடலை மெதுவாக மிதித்து பிஸ்டனை முக்கால்வாசி வெளியே வரவழையுங்கள். வண்டியின் பிரேக்கே உங்களுக்கு ப்ரெஸ் வேலை செய்து கொடுக்கும்.

பைப் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். ஃபிளேர் ஸ்பேனர் என்று பாதி மூடிய வாயுடன் கிடைக்கும், அதுதான் வேண்டும். முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். ஷூவின் ஸ்பிரிங் எந்தத் துவாரத்தில் மாட்டியிருந்தது என்பது மறுநாள் நினைவிருக்காது. ஒரு பக்க டிரம்மை முழுதாகப் பூட்டும்வரை அடுத்த பக்கத்தைப் பிரிக்காமல் இருந்தால், மாதிரிக்குப் பார்த்துச் செய்ய ஒன்று கண்முன் இருக்கும்.

அளவெடுப்பது, பிறகு தேடுவது

பார்ட்ஸ் தேடுவதில் பாதி வெற்றி வெர்னியர் அளவுகோலில் இருக்கிறது. சிலிண்டர்களின் உள்விட்டம் அங்குலக் கணக்கில் வரும். 5/8 அங்குலம் என்றால் 15.87 மி.மீ., 0.70 அங்குலம் என்றால் 17.78 மி.மீ., 3/4 அங்குலம் என்றால் 19.05 மி.மீ. பெரும்பாலும் சிலிண்டர் உடலிலேயே அளவு அச்சாகியிருக்கும்; துருவைத் தேய்த்துப் பாருங்கள். பழைய ரப்பரை அளக்காதீர்கள், அது சுருங்கியோ உப்பியோ இருக்கும். உலோகத்தை அளந்துகொண்டு, பழைய ரப்பரை வடிவம் காட்டுவதற்கு மட்டும் கூட எடுத்துப் போங்கள்.

அடுத்து மரை. இதை இரண்டு முறை படியுங்கள். இந்த வண்டியின் பைப் நட்டுகள் 3/8 யூஎன்எஃப், அங்குலத்துக்கு 24 மரை. இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது எம்10, 1 மி.மீ. இடைவெளி மரை. 3/8 அங்குலம் என்பது 9.53 மி.மீ. அதனால் பழைய அங்குல நட்டு புதிய மெட்ரிக் துவாரத்தில் தளர்வாக ஏறிவிடும். இறுக்கினால் இறுகுவது போலவே இருக்கும். அவசர பிரேக் பிடிக்கும்போது பைப்பில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அந்த நொடியில் மரை வழுக்கிவிடும். இந்தக் கார்களில் பிற்கால காலிப்பர்கள் மெட்ரிக் மரையுடனும் உண்டு. எனவே எந்தத் துவாரத்தில் எந்த நட்டு என்று மரை கேஜ் வைத்துப் பார்த்து பெயிண்டால் குறித்துவிடுங்கள்.

இனி எங்கே தேடுவது. மதுரையில் வெளி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் "ஸ்பிட்ஃபயர்" என்று கேட்டால் கைவிரிப்பார்கள். "ஹெரால்டு ரியர் வீல் சிலிண்டர் கிட் இருக்கா அண்ணே?" என்று கேளுங்கள். கடைக்குப் பின்னால் மச்சில் ஏறித் தேடுவார்கள். நான் பார்த்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் நான்கு சக்கரத்திலும் டிரம், அதனால் டிஸ்க், காலிப்பர் விஷயத்தில் அது உதவாது. ஆனால் பின்பக்க ஷூ, ஸ்பிரிங், அட்ஜஸ்டர், ஹேண்ட் பிரேக் லீவர் போன்றவை அந்த வழியில் எனக்குக் கிடைத்தன. இங்கே இல்லையென்றால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும். புதுப்பேட்டையில் இரும்பு வாங்குங்கள்: டிரம், பேக் பிளேட், காலிப்பர் உடல் எல்லாம் சரி. அங்கே பழைய சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்), பழைய ஹோஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மச்சில் இருபது வருடம் கிடந்த "ஒரிஜினல் கிட்" டப்பாவும் அப்படித்தான். டப்பா அழகாக இருக்கும், ரப்பர் கெட்டித்தட்டிப்போயிருக்கும். வளைத்துப் பாருங்கள், உதட்டோரம் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரப்பர் கிட்டை நான் இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்கிறேன். ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானது. அங்கே இதை ஓட்டுபவர்கள் இன்றும் ஏராளம். அதனால் சீல், ஹோஸ், பேட், பிஸ்டன் எல்லாம் புதிதாகவே தயாராகின்றன. எடை குறைவானதை மட்டும் கூரியரில் வரவழையுங்கள். டிஸ்க், டிரம் போன்ற கனமானவற்றில் கூரியர் கட்டணமும் சுங்கவரியும் சேர்ந்து பொருளின் விலையையே தாண்டக்கூடும். இன்வாய்ஸில் பொருளின் பெயரும் உண்மை விலையும் தெளிவாக இருக்கட்டும். பிரேக் பாகங்களுக்கான சுங்கத் தலைப்பு 8708 30. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது தவறு என்பதோடு, பார்சல் சுங்கத்தில் மாட்டி வாரக்கணக்கில் கிடப்பதற்கும் அதுவே காரணமாகும். ஒரே ஆர்டரில் முழு வண்டிக்கும் இரண்டு செட் ரப்பர் வாங்காதீர்கள். இரண்டாவது செட் நம் ஊர் வெயிலில் டப்பாவிலேயே வயதாகும்.

மதுரையைச் சுற்றி ரப்பர் மோல்டிங் பட்டறைகள் பல உண்டு. "மாதிரி கொடுங்க, அடிச்சுத் தர்றோம்" என்பார்கள். டஸ்ட் கவர், பெடல் ரப்பர் இவற்றுக்கு நான் கொடுத்திருக்கிறேன், நன்றாகவே செய்தார்கள். அழுத்தம் தாங்கும் சீலுக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். அதற்கு ஈபிடிஎம் போல பிரேக் ஆயிலைத் தாங்கும் கலவை வேண்டும், உதட்டு விளிம்பு அச்சுப் பிசகாமல் வர வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர்

ஸ்பிட்ஃபயரில் இருப்பது கிர்லிங்கின் சென்டர் வால்வு வகை. பக்கத்திலேயே கிளட்ச் மாஸ்டரும் அதே தோற்றத்தில் இருக்கும். ஒன்றைப் பிரித்தால் மற்றதையும் பிரியுங்கள், இரண்டுக்கும் வயது ஒன்றுதான். கழற்றும் முன் பேனட்டின் கீழ்ப்பகுதியில் பழைய போர்வை விரித்து, ஒரு பக்கெட் தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். சிந்தினால் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே நல்லது.

சர்க்ளிப்பை எடுத்து, புஷ் ராடை உருவினால், உள்ளே பிளஞ்சர் இருக்கும். சிலிண்டரை மரப்பலகையில் மெதுவாகத் தட்டினால் வெளியே வரும். ஆணி, ஸ்க்ரூடிரைவர் எதையும் உள்ளே விட்டு நெம்பாதீர்கள். பிளஞ்சர் நுனியில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தொப்பிக்கு ஒரு சின்ன நாக்கு உண்டு. அதைச் சன்னமான ஸ்க்ரூடிரைவரால் லேசாக உயர்த்தினால் ஸ்பிரிங்கும் வால்வுத் தண்டும் பிரியும். வால்வின் முனையில் சின்ன சீல் ஒன்றும், அதன் பின்னால் லேசாக வளைந்த வாஷர் ஒன்றும் இருக்கும். அந்த வாஷரின் வளைவு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அந்த நொடியே படம் எடுங்கள். நான் முதல் தடவை அதைத் திருப்பிப் போட்டு, மறுபடி முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

இப்போது சிலிண்டரின் உட்சுவர். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் புது சீல் போட்டால் போதும். லேசான கறை இருந்தால் உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றும் மெல்லிய ஹோனிங் கல், பிரேக் ஆயிலையே ஊற்றிக்கொண்டு, சில நொடிகள். நகம் தட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் ஹோனிங்கால் தீராது. குழி போகும்வரை தேய்த்தால் விட்டம் பெரிதாகி சீல் பிடிக்காது. அப்போதுதான் ஸ்லீவ், அதாவது உள்ளே ஒரு புதுக் குழாய், போட வேண்டும்.

கே.புதூர் சிட்கோ பக்கம் எனக்கு ஒரு லேத் பட்டறை பழக்கம். அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, இரும்புக்கு நான் பொறுப்பு. ரப்பரைப் பத்தி எங்கிட்டக் கேக்காத." பழைய துளையைப் பெரிதாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை இறுக்கமாக அடித்து இறக்கி, உள்விட்டத்தைப் பழைய அளவுக்கே கடைந்து ஹோனிங் செய்து கொடுத்தார். ஸ்லீவ் கொடுக்கும்போது சீலை அவரிடம் காட்டி, அளவை அங்குலத்திலும் மி.மீ.யிலும் எழுதிக் கொடுங்கள். சென்டர் வால்வு வகையில் சிலிண்டர் சுவரில் ஊசித் துவாரம் இல்லை, வேலை சுலபம். வேறு பல பழைய கார்களின் மாஸ்டரில் ரிசர்வாயருக்குப் போகும் மிகச் சிறிய துவாரம் சுவரில் இருக்கும். ஸ்லீவ் போட்ட பிறகு அதை அதே இடத்தில் திரும்பப் போட்டு, உள்விளிம்புப் பிசிறை நீக்க வேண்டும். பிசிறு இருந்தால் சீலை முதல் வாரத்திலேயே கிழித்துவிடும்.

பூட்டும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிலிண்டரைப் புது பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றுக்கும் இங்கே இடமில்லை. சீலின் உதடு எப்போதும் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். சீலை விரலாலேயே ஏற்றுங்கள். டஸ்ட் கவருக்குள் சிவப்பு ரப்பர் கிரீஸ் தடவுங்கள். அது விளக்கெண்ணெயிலிருந்து வரும் கிரீஸ், ரப்பரை ஒன்றும் செய்யாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் சாதாரண கிரீஸ் ரப்பருக்கு ஆகாது. பூட்டி முடித்ததும் புஷ் ராடைக் கையால் தள்ளிவிட்டுப் பாருங்கள். பிளஞ்சர் முழுதாகத் திரும்பி வர வேண்டும். திரும்பாவிட்டால் வால்வு திறக்காது, பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

காலிப்பரும் டிஸ்க்கும்

காலிப்பரின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றாதீர்கள். இடையில் ஒரு சீல் இருக்கிறது. பிரிக்காமலே பிஸ்டன், சீல் எல்லாம் மாற்ற முடியும். மீதி பிஸ்டன் வராவிட்டால் பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும். எதிரே மரத்துண்டு வைத்து, விரலை விலக்கிக்கொண்டு, குறைந்த காற்றில் எடுங்கள். பாய்ந்து வரும் பிஸ்டன் விரலை நசுக்கிவிடும்.

பிஸ்டனின் குரோம் பூச்சில் குழி விழுந்திருந்தால் எமரி பேப்பரால் தேய்ப்பது வீண். ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் வரவழைத்துப் போட்டுவிடுங்கள், நம் ஊர் மழைக்காலத்துக்கு அதுதான் லாயக்கு. சீல் உட்காரும் பள்ளத்தை மூங்கில் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே காய்ந்த அழுக்கு இருந்தால் சீல் இறுகி பிஸ்டன் பின்வாங்காது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, அந்தச் சதுர வெட்டு சீலின் வளைவுதான்.

டிஸ்க்கைப் பார்க்கும் முன் வீல் பேரிங்கைப் பாருங்கள். பேரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடி பேடைப் பின்னுக்குத் தட்டிவிடும். அடுத்த மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். இதைக் காற்று என்று நினைத்து ஒரு மாதம் பைப்பிலிருந்து ஏர் எடுத்துக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். பேடை மட்டும் உள்ளூரில் லைனிங் ஒட்டிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டிஸ்க்கின் சூடு அதிகம். ஒட்டு விட்டுப்போனால் இரும்பு இரும்பில் உரசும். புது பேடையே வாங்குங்கள்.

பின்பக்க டிரம்

டிரம்மைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூ. இம்பேக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியால் ஒரு அடி கொடுத்தால் இளகும். உள்ளே சக்கரத்துக்கு ஒரு வீல் சிலிண்டர், ஒரே பிஸ்டன். சிலிண்டர் பேக் பிளேட்டில் இருக்கும் நீளத் துவாரத்தில் முன்னும் பின்னும் நகர வேண்டும். பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும்போது சிலிண்டரே எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். அதுதான் ஏற்பாடு.

படுத்துக் கிடந்த வண்டிகளில் இங்கேதான் வியாதி. துரு ஏறியும், யாரோ பெயிண்ட் அடித்தும் அந்தச் சிலிண்டர் நகராமல் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் புதுசு, லைனிங் புதுசு, ஆனாலும் ஒரு ஷூ மட்டும் தேயும், ஹேண்ட் பிரேக் பிடிக்காது. துவாரத்தின் ஓரங்களைப் பளபளவென்று தேய்த்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் பூட்டி, கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். விரலுக்கே நகர வேண்டும்.

ஷூவுக்கு லைனிங் ஒட்டுவதில் நமக்குக் கவலையே இல்லை. பஸ், லாரிக்கு லைனிங் போடும் கடைகள் ஊர் முழுக்க உண்டு. சுந்தரம் பிரேக் லைனிங்ஸுக்கு விருதுநகர் மாவட்டத்திலேயே ஆலை இருக்கிறது. ஆனால் லாரிக்கான கடினமான லைனிங்கை ஒட்டிவிடாதீர்கள். இந்த வண்டி முக்கால் டன் சுமார்தான். கார் லைனிங், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று சொல்லிக் கேளுங்கள். டிரம்மைக் கடையக் கொடுத்தால் முதலில் டிரம், அப்புறம் அதன் வட்டத்துக்கு ஷூவை அரைக்க வேண்டும். முறை மாறினால் ஷூவின் நடுப்பகுதியோ ஓரமோ மட்டும்தான் படும். விட்டத்தில் 1 மி.மீ.க்கு மேல் கடைய வேண்டியிருந்தால் வேறு டிரம் தேடுவேன்.

அட்ஜஸ்டர் பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலையுடன் இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை திருகி, பிறகு சக்கரம் உரசாமல் சுற்றும்வரை ஒவ்வொரு கிளிக்காகப் பின்வாங்குங்கள். இதை முடித்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். பலர் கேபிளை இழுத்து இறுக்கி, ஷூ தேய்ந்ததை மறைத்துவிடுகிறார்கள்.

பைப்பும் ஹோஸும்

பைப்பின் வெளிவிட்டம் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. நம் ஊர்க் கார்களுக்கு விற்கும் ஸ்டீல் பிரேக் பைப்பும் இதே அளவுதான். ஆகவே பைப்பை இங்கேயே வாங்கி, நட்டை மட்டும் யூஎன்எஃப் மரையில் வரவழைக்கலாம். நிக்கல் கலந்த செம்புப் பைப் கிடைத்தால் இன்னும் நல்லது, துருப்பிடிக்காது, கையால் வளையும். ஏசி மெக்கானிக்கிடம் இருக்கும் வெறும் செம்புக் குழாயை வைத்து "இதுவும் செம்புதான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிர்வில் வெறும் செம்பு விறைத்து வெடிக்கும். முனை மடிப்பு பழைய பைப்பில் எந்த வடிவமோ அதே வடிவம். இரண்டு வகை உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. மடிக்கும் முன் நட்டை உள்ளே கோத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரு முறையாவது இதை மறப்பார்கள்.

ஹோஸ் எந்த நிலையில் இருந்தாலும், எப்போது போட்டது என்று தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

ஆயிலும் ஏர் எடுப்பதும்

டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றுங்கள். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய நிலையில் அது 155 வரை இறங்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடி சரியாக மூடாத டின் கெட்டுப்போகும். அதனால் சின்ன டின்னாக வாங்குங்கள், அன்றே உடையுங்கள், மீந்ததை வைத்துக்கொள்ளாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், இதோடு சேராது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் டாட் 5.1 கிளைக்கால் வகைதான், அது சேரும்.

ஏர் எடுக்கும் முன் பின்பக்க அட்ஜஸ்டர்களை முழுதாக இறுக்கிவிட்டால் சிலிண்டருக்குள் இடம் குறைந்து காற்று சீக்கிரம் வரும். வலது கை டிரைவ் வண்டியில் மாஸ்டரிலிருந்து தூரமானது பின் இடது. அதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வையுங்கள். என் தங்கை மகன்தான் பெடலில் உட்காருவான். "மாமா, அமுக்கிட்டேன்" என்பான். நிப்பிளைத் திறப்பேன். பெடல் இறங்கியதும் "அப்படியே பிடி" என்று சொல்லி மூடிவிட்டு, "இப்ப மெதுவா விடு" என்பேன். இந்த மூன்று வார்த்தைகளின் ஒழுங்கு மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். படபடவென்று மிதித்தால் ஆயில் நுரைத்து, சின்னக் குமிழ்கள் மணிக்கணக்கில் அடங்காது. நான்கைந்து மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். இந்த வண்டியின் ரிசர்வாயர் சின்னது, சட்டென்று காலியாகிவிடும். பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

முடிந்ததும் அட்ஜஸ்டரைச் சரியான இடத்துக்குப் பின்வாங்கி, பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்து, இன்னொருவர் டார்ச்சுடன் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால் அன்று வண்டி வெளியே போகாது.

ரோட்டில்

முதலில் வீட்டு வாசலில் நடை வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள். அடுத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அழகர்கோயில் சாலை போல நெரிசல் இல்லாத இடம். 50 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு மிதமாக இறக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். இப்படி இருபது தடவை. புது பேடும் லைனிங்கும் இப்படித்தான் முகம் பொருந்தும். திரும்பி வந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை.

முதல் 300 கி.மீ. ஊருக்குள்ளேயே ஓட்டி, பின்பக்க அட்ஜஸ்டரை மறுபடி ஒருமுறை பார்த்த பிறகு சிறுமலைக்குப் போனேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பழுதில்லாத பிரேக்கும் சூடேறித் தளர்ந்துவிடும். அடிவாரத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தேன். ஏறும் முன் இருந்த உயரத்திலேயே நின்றது.

இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், ஆயில் முழுவதையும் மாற்றிவிடுகிறேன். ஷெட்டில் நான்கு சக்கரத்தின் கீழும் பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறேன். காலையில் வண்டி எடுக்கும் முன் அதைக் குனிந்து பார்ப்பதும், பெடலை ஒருமுறை அழுத்திப் பிடிப்பதும் என் மகளின் வேலை. அவள் தலையாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன்.